கயிற்றைக் கட்டிவிட்டது யார்? வளரிளம் பிள்ளைகள் பற்றி வாசகர் கேள்விகள்

பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அம்மாக்கள் எழுதியவை. அப்பாக்களும் எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகளே எழுதியதும் உண்டு. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, அதனால் ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிப் பதில் எழுதியிருக்கிறேன்.

மகன் ஒன்பதாவது படிக்கிறான். கொஞ்ச நாளாகக் கையில் இரண்டு கலர் கயிறு. கேட்டால் கோயில் கயிறு என்றான். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் சாதிப் பையன்கள் எல்லாரும் அதே கலர்தான் கட்டுகிறார்களாம். இப்போது பனியன், சைக்கிள் ஸ்டிக்கர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்று எல்லாமே அந்தக் கலர்தான். சின்ன வயதிலிருந்து வீட்டுக்கு வந்துபோன ஒரு பையனோடு பேச்சே இல்லை. கயிற்றை அறுத்துப் போட்டால் மறுநாளே புதுசு கட்டிக்கொண்டு வருகிறான். என்ன செய்வது டீச்சர்?
— ஓர் அம்மா, தென்காசி மாவட்டம்

அம்மா, முதலில் அறுப்பதை நிறுத்துங்கள். நீங்கள் அறுக்க அறுக்க அவன் கட்டுவான், ஒவ்வொரு தடவையும் அதைக் கட்டிவிடுகிற ஆளோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொள்வான். அந்த ஆள் யார் என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

தென் மாவட்டப் பள்ளிகளில் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் கயிறு புதிதில்லை. காலையில் பி.டி. மாஸ்டர் கத்தரிக்கோலோடு வாசலில் நிற்பார். பையன்கள் கயிற்றைக் கழற்றி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள், இன்டர்வெல் பெல் அடிக்கும்போது அது மறுபடி கையில் இருக்கும். வெளியூர்க்காரர் பார்த்தால் சாமிக் கயிறு என்றுதான் நினைப்பார். உள்ளூர்ப் பிள்ளைக்கோ, எதிரே வருகிறவன் கையைப் பார்த்த மாத்திரத்தில் அவன் எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன், பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்பது வரைக்கும் தெரிந்துவிடும்.

ஒன்பதாவது படிக்கிற பையன் இதற்குள் எப்படிப் போகிறான்? நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் சாதிவெறி முற்றிப்போய் அங்கே போவதில்லை. குரல் உடைகிற வயது, மீசை அரும்புகிற வயது, படிப்பு நடுவாந்தரம், கபடி டீமில் எடுக்கவில்லை, வகுப்பில் யாராவது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது திட்டுவதற்குத்தான். ஆறாவது வரை தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்த அப்பா இப்போது மார்க்கைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. அந்த நேரம் பார்த்து பிளஸ் டூ படிக்கிற ஓர் அண்ணன், இல்லையென்றால் படிப்பை விட்டுவிட்டு ஊரைச் சுற்றுகிற ஓர் அண்ணன், தோளில் கை போட்டு "நம்ம பயடா" என்கிறான். புரோட்டா வாங்கித் தருகிறான், வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுகிறான். அடுத்து ஒரு ஜெயந்தியோ குருபூஜையோ வருகிறது. முச்சந்தியில் ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள். அதன் அடியில் கூலிங் கிளாஸ் போட்ட பையன்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்குமே, அதில் ஒன்று உங்கள் மகன். பதினாலு வயதில் ஊரே பார்க்கிற இடத்தில் தன் முகத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக நாம் அவனுக்கு என்ன கொடுத்தோம் என்று யோசித்துவிட்டுத்தான் கயிற்றில் கை வைக்க வேண்டும்.

அதற்காக இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடவும் முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள் ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளியில் சீண்டுவது, எடுபிடி வேலை வாங்குவது என்று தொடங்கியிருக்கிறது. அவன் பள்ளிக்கே போகாமல் நின்று, காரணம் ஆசிரியர்களுக்குத் தெரிந்து, புகார் என்று ஆனதும் அரிவாளைத் தூக்கிவிட்டார்கள். வெட்டியதும் பள்ளிப் பிள்ளைகள்தான். வெட்டுப்பட்ட அந்த மாணவன் சிகிச்சையில் மீண்டு, அடுத்த வருடம் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 எடுத்தான். அவனை நினைத்துப் பெருமைப்படுகிறேன். வெட்டிய பையன்களின் அம்மாக்களையும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு நாள் உங்களைப் போலவே கயிற்றைப் பார்த்துக் கவலைப்பட்டார்களோ.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை வைத்து அரசு ஒரு நபர் குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம், பொட்டு போன்ற அடையாளங்களுக்குத் தடை, சாதி அடையாளம் போட்ட சைக்கிளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதியை எடுப்பது என்று நிறைய பரிந்துரைகள். கயிற்றைப் பற்றி 2019-லேயே பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, எதிர்ப்பு கிளம்பியதும் அது நடைமுறைக்கு வராமலே அமுங்கிப்போனது. 2024 அறிக்கை வந்தபோதும் பொட்டை எப்படித் தடுக்கலாம் என்றுதான் எல்லாரும் சண்டை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் காதில் விழாமல் போன ஒரு பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது: வகுப்பில் பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். காசு செலவில்லை, ஆசிரியர் நினைத்தால் நாளைக்கே செய்துவிடலாம். ஒரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ரப்பர் கடன் வாங்கி, டிபன் பாக்ஸ் மாற்றிச் சாப்பிட்ட பையனை நாளைக்கு வெட்டச் சொன்னால் கை அவ்வளவு சீக்கிரம் எழாது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. அவன் நல்ல மனநிலையில் இருக்கிற நேரம் பார்த்து, கயிற்றைப் பற்றிப் பேசாமல், அந்தக் கூட்டத்தில் அவனுக்கு யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் சொல்வான். சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். அவன் விட்டுவிட்ட அந்தப் பழைய நண்பனின் அம்மாவை உங்களுக்குத் தெரியும்தானே, நீங்களே போய்ப் பேசுங்கள், பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை, நம் அம்மா இந்தப் பிரிவினையை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை உங்கள் மகன் கண்ணால் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது. கல்யாணப் பேச்சு, தேர்தல் பேச்சு, தெருச் சண்டைப் பேச்சு என்று வீட்டில் பெரியவர்கள் "அவன் எப்படிப்பட்ட ஆளு தெரியுமா" என்று சாதியைச் சொல்லிப் பேசுவதை அவன் தவழ்கிற வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். பிளஸ் டூ அண்ணன் அந்தப் பேச்சுக்கு ஒரு கலர் கொடுத்தான், அவ்வளவுதான். வீட்டு ஆண்களிடம் இதைப் பேச உங்களுக்குத் தயக்கம் இருக்கும். ஆனாலும் பேசுங்கள்.

அப்புறம் அவனுக்கு வேறொரு கூட்டம் வேண்டும். ஜே.ஆர்.சி. என்கிற ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர், என்.சி.சி., கபடி, சிலம்பம், எதுவானாலும் சரி, பல தெருப் பிள்ளைகள் கலந்து நிற்கிற இடமாக இருக்க வேண்டும், அவனுக்கென்று அங்கே ஒரு வேலையும் இருக்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் தனியாகப் போகாதீர்கள். இதே கவலை உள்ள இன்னும் நாலு அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு போய், அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்று கேளுங்கள். ஸ்டேட்டஸில் எப்போதாவது அரிவாள் படம் தென்பட்டால் மட்டும் அன்றைக்கே கண்டிப்பாகப் பேசிவிடுங்கள். ஆயுதத்தோடு படம் போட்டதற்கே காவல்துறை வழக்குப் போடுகிறது, அது அவன் வாழ்க்கையோடு போகிற விஷயம்.

மகள் எட்டாவது படிக்கிறாள். அறை முழுக்க பி.டி.எஸ். என்கிற கொரியப் பாட்டுக்குழுவின் படம். தமிழ்ப் பாட்டே கேட்பதில்லை, ஏதோ கொரிய எழுத்தை நோட்டில் எழுதிப் பழகுகிறாள், குச்சியால் நூடுல்ஸ் சாப்பிடுகிறாள். மூன்று மாணவிகள் கொரியா போகிறோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிய செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.
— ஓர் அப்பா, ஈரோடு

அந்தச் செய்தி உண்மைதான். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 13 வயது மாணவிகள் மூன்று பேர், சுமார் 14,000 ரூபாயோடு கிளம்பினார்கள். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பலில் கொரியா போவது அவர்கள் திட்டம். நல்லவேளையாகக் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். பதறத்தான் செய்யும். ஆனால் சுவரில் படம் ஒட்டுகிற லட்சம் பிள்ளைகளில் மூன்று பேர் அவர்கள், அதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் தலைமுறையை நினைத்துப் பாருங்கள் சார். முதல் நாள் முதல் காட்சிக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றதும், கட்அவுட்டுக்குப் பாலை ஊற்றியதும், ஒரு நடிகர் மாதிரியே முடி வெட்டிக்கொண்டதும் எல்லாம் நடந்ததுதானே. அதெல்லாம் நம் ஊர் நடிகருக்கு என்பதால் வீட்டில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் மகளுக்கும் அதே வயது, அதே ஏக்கம், ஆட்கள் மட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். இதில் பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்றும் கிடைக்கிறது. தெருவில் இறங்கிக் கூட்டமாக நின்று விசில் அடிக்க அவர்களுக்கு என்றைக்குமே இடம் கொடுத்ததில்லை நாம். போனில் அந்த ரசிகைக் கூட்டம் கிடைக்கிறது, "ஆர்மி" என்று அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. தன் வயசுப் பிள்ளைகள் நாடு நாடாக இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி என்கிற நினைப்பு எட்டாவது படிக்கிற பெண்ணுக்குப் பெரிய விஷயம்.

அவள் எழுதிப் பழகுவது ஹங்குல் எழுத்து. சேஜோங் என்கிற கொரிய அரசர், சாதாரண ஜனங்களும் படிக்க எழுத வேண்டும் என்று 15-ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது. உங்கள் பெயரை அதில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், பி.டி.எஸ். குழுவின் ஏழு பேரில் யார் யார் என்னென்ன என்று கேளுங்கள், முகம் எப்படி மலர்கிறது பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக் கம்பெனிகள் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது, அந்த மொழி தெரிந்தவர்களுக்கு வேலையும் இருக்கிறது. இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்று இப்போதே யாரால் சொல்ல முடியும்?

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. முகம் தெரியாத "ரசிகர் நண்பர்" யாராவது தனியாக மெசேஜ் அனுப்புகிறாரா, படம் கேட்கிறாரா, போட்டோ கார்டு வாங்கித் தருகிறேன் என்கிறாரா என்று பாருங்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறாளா என்றும் பாருங்கள். அந்த நட்சத்திரங்களின் ஒல்லி உடம்பையும் வெளுத்த தோலையும் பார்த்துப் பட்டினி கிடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், நம் பிள்ளைகளின் நிறமும் உடல்வாகும் வேறு என்பதை அந்த வயதில் யாராவது அன்பாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. படங்களைக் கிழித்தீர்கள் என்றால் இதையெல்லாம் உங்களிடம் சொல்ல மாட்டாள்.

பையன் போனிலேயே கிடக்கிறான். ஒரு போட்டோ போட்டுவிட்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்து லைக் எண்ணுகிறான். குறைவாக வந்தால் அழித்துவிடுகிறான். இவ்வளவுக்கும் இவன் கூச்ச சுபாவம்.
— ஓர் அம்மா, திருச்சி

கூச்ச சுபாவம் உள்ளவனுக்குத்தான் அது இன்னும் அதிகமாகத் தேவைப்படும் அம்மா. நேரில் பேசி வாங்க முடியாத பாராட்டை அங்கே எண்ணிக்கையாக வாங்குகிறான்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, இன்ஸ்டாகிராம் மாதிரி படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது. லைக் எண்ணிக்கையை ஆராய்ச்சியாளர்களே போட்டுவைத்தார்கள். ஒரே படத்தைப் பாதிப் பிள்ளைகளுக்கு நிறைய லைக்கோடும் மீதிப் பேருக்குக் குறைந்த லைக்கோடும் காட்டினார்கள். நிறைய லைக் இருந்த படத்துக்கே பிள்ளைகள் தாங்களும் லைக் போட்டார்கள், படத்தில் என்ன இருந்தாலும் சரி, சிகரெட், மது இருந்த படங்களுக்கும் இதே கதைதான். அது மட்டுமில்லை, அந்த மாதிரி ஆபத்தான படங்களைப் பார்க்கும்போது நம்மைக் கட்டுப்படுத்தி நிறுத்துகிற மூளைப் பகுதிகளின் வேலை குறைந்திருந்தது. தன் சொந்தப் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைப் பார்த்தபோது, பிடித்த தின்பண்டத்துக்கும் பரிசுப் பணத்துக்கும் துள்ளுகிற அதே பகுதி துள்ளியது. பெரியவர்களான நமக்கே இது உண்டு.

ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டம் போட்டு, 2025 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் ஊரில் இப்போதைக்கு அந்தச் சட்டத்தின் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021-லிருந்தே இருக்கிறது, அவனையும் வைத்துக்கொண்டு அதைப் போடுங்கள். ராத்திரி எல்லார் போனும் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் அவன் அப்பாவுடையதும் சேர்த்து. அப்புறம், அவன் எடுக்கிற படம் நன்றாக இருந்தால் எது நன்றாக இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சும்மா "சூப்பர்" என்றால் அது இன்னொரு லைக், அவ்வளவுதான்.

காலையில் எழுப்புவதற்குள் உயிர் போகிறது. ராத்திரி பன்னிரண்டு வரை விழித்திருக்கிறான். சோம்பேறி ஆகிவிட்டான்.
— பலர்

சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். பருவம் வந்த பிறகு தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் சுரப்பு ராத்திரியில் தாமதமாகத்தான் தொடங்குகிறது, ஒன்பது மணிக்குப் படு என்றால் அந்த உடம்பு கேட்காது. 13 முதல் 18 வயதுக்கு 8 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரம் வரை தூக்கம் வேண்டும். ராத்திரி ஒன்பது வரை டியூஷன், விடிந்தால் அஞ்சரைக்கு இன்னொரு டியூஷன் என்று வைத்துவிட்டு அந்தக் கணக்கை எங்கே நேர் செய்வது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கவே கூடாது என்று சொல்லிவிட்டது. இரண்டு டியூஷனில் ஒன்றை நிறுத்துங்கள். கோபம், எரிச்சல், எதிர்த்துப் பேசுவது என்று நீங்கள் புகார் எழுதியதில் பாதி தூக்கம் போதாததால் வருவதுதான்.

டீச்சர், நான் பத்தாவது படிக்கிறேன். வீட்டில் நான் ரொம்ப அமைதி. ஸ்கூலில் வாயாடி. இன்ஸ்டாவில் இங்கிலீஷில் வேறு மாதிரி பேசுவேன். பாட்டி வீட்டுக்குப் போனால் இன்னொரு மாதிரி. "நீ நடிக்கிறே" என்று என் ஃபிரெண்ட் சொல்லிவிட்டாள். இதில் எது உண்மையான நான் என்று எனக்கே தெரியவில்லை. இது ஏதாவது வியாதியா?
— ஒரு மாணவி, சென்னை

வியாதி இல்லை மகளே. நன்றாகத்தான் வளர்கிறாய்.

எரிக் எரிக்சன் என்று ஓர் உளவியல் அறிஞர். 1902-ல் ஜெர்மனியில் பிறந்தார். அம்மா யூதப் பெண், பெற்ற அப்பா யாரென்றே அவருக்குக் கடைசிவரை தெரியாது. வளர்த்தவர்தான் அப்பா என்று நினைத்து வளர்ந்தார். நீலக் கண், பொன்னிறத் தலைமுடி, நல்ல உயரம். அதனால் யூதப் பிள்ளைகள் இவன் நம்மாள் இல்லை என்று கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்திலோ இவன் யூதன் என்று மற்றவர்கள் ஒதுக்கினார்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். பிறகு வியன்னாவில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய், உளப்பகுப்பாய்வு படித்து, அமெரிக்காவுக்குக் குடியேறி, அங்கே எரிக்சன் என்று தனக்குத் தானே ஒரு பெயரும் வைத்துக்கொண்டார். "ஐடென்டிட்டி கிரைசிஸ்" என்று இன்றைக்கு எல்லாரும் சொல்கிறார்களே, அதை உலகம் முழுக்கப் பேச வைத்தவர் அவர்தான். நான் யார் என்று பதின்ம வயதில் தடுமாறுவது எல்லாருக்கும் நடக்கிற ஒன்று, அந்த வயதின் முக்கியமான வேலையே அதுதான், இதையும் அதையும் போட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச காலம் கொடுக்க வேண்டும் என்று 1950-லிருந்து எழுதிவந்தார்.

உன் ஃபிரெண்டு நடிப்பு என்று சொன்னதை ஒதுக்கி வை. அவளும் அவள் பாட்டியிடம் பேசுகிற மாதிரி உன்னிடம் பேச மாட்டாள். ஆனால் ஒன்று மட்டும் கவனித்துப் பார். இந்த நாலு இடத்தில் எந்த இடத்திலிருந்து திரும்பி வரும்போது உனக்கு அசதியாக இருக்கிறது? எங்கே பேசும்போது, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு மற்றவர்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறாய்? அந்த இடத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள். வீட்டில் அமைதி என்கிறாயே, அது பிடித்துத்தான் அமைதியா, பேசினால் திட்டு விழும் என்ற பயமா? பயம் என்றால் அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்கிப் பேசிப் பார். பயம் பெரிதாக இருந்து யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ மனநல உதவி எண் 14416-க்கோ போன் செய், இரண்டும் இலவசம். இன்ஸ்டாவில் இங்கிலீஷ் பேசுவது தப்பே இல்லை. தமிழில் பேசினால் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் பேசுகிறாய் என்றால், ஒரு வாரம் தமிழில் போட்டுப் பாரேன்.

பிளஸ் ஒன் படிக்கிற மகன் பைக் கேட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறான். நண்பர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்களாம். தனியாக இருக்கும்போது பொறுப்பான பையன். கூட்டம் சேர்ந்தால் ஆளே மாறிவிடுகிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
— ஓர் அப்பா, நாமக்கல்

வேண்டாம். சட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 18 வயது நிரம்பாமல் கியர் பைக் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, மைனர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

கூட்டம் சேர்ந்தால் மாறுகிறான் என்று நீங்கள் எழுதியது ரொம்பச் சரியான கவனிப்பு. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், 2005-ல் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிற விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால் பாயின்ட் ஏறும், திடீரென்று சுவர் வந்து மோதினால் எல்லாம் போய்விடும். தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடினார்கள். கூட நண்பர்களை உட்கார வைத்ததும் பெரியவர்களிடம் மாற்றம் இல்லை, பிள்ளைகள் எடுத்த ரிஸ்க் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. ஆகவே உங்கள் பையன் பொறுப்பானவன் என்பதும் உண்மை, பின்னால் ஒருத்தன் உட்கார்ந்து "முறுக்குடா" என்றால் முறுக்குவான் என்பதும் உண்மை.

அவனிடம் நம்பிக்கை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சட்டத்தைக் காட்டுங்கள், 18 முடிந்ததும் முறையாகப் பழகி லைசென்ஸ் எடுக்கலாம் என்று தேதி குறித்துக் கொடுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அதுவரை நண்பன் வண்டியில் பின்னால் ஏறுவான், அதையும் தடுத்துவிடலாம் என்று கனவு காணாதீர்கள். ஹெல்மெட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். எந்த ராத்திரி எந்த ஊரில் மாட்டிக்கொண்டாலும் போன் செய், திட்டாமல் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி வையுங்கள். அவன் கூப்பிட்டால் திட்டாமல் போங்கள்.

பத்தாவது படிக்கிற மகன் பையில் சிகரெட் பார்த்தேன். அடித்துவிட்டேன். "நீங்க மட்டும் பிடிக்கலையா" என்று கேட்டுவிட்டான். பதில் சொல்ல முடியவில்லை.
— ஓர் அப்பா, கோவை

பதில் இருக்கிறது: "ஆமாம்டா, பிடிக்கிறேன், விட முடியாமல் கஷ்டப்படுகிறேன், அதனால்தான் நீ தொடங்கக் கூடாது என்கிறேன்." இதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அவன் கேட்டது எதிர்த்துப் பேசுவதற்காக மட்டும் இல்லை, நிஜமாகவே பதில் வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறான். அவன் முதன்முதலில் சிகரெட் பார்த்தது சினிமாவிலோ நண்பன் கையிலோ இல்லை, உங்கள் சட்டைப் பையில். பெட்டிக்கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்னதும் உண்டுதானே? பல வீடுகளில் இது நடக்கிறது.

அவனுக்கு எங்கே கிடைத்தது என்று விசாரியுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் புகையிலை விற்பது குற்றம், பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது. கடைக்காரரிடம் சண்டை போடாமல் பள்ளியிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கள், பள்ளிக்கூட வாசலில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் நிற்கிறார்கள்.

நீங்களும் விட்டுவிடப் பாருங்கள். 1800-11-2356, புகையிலையை விட உதவுகிற தேசிய இலவச எண். நீங்கள் கூப்பிடும்போது அவனும் பக்கத்தில் இருக்கட்டும்.